அம்புக்குறி

டார்ட்டுவில் ஜூன் மாதம் இருட்டு வருவதில்லை.
வாசல்வரை வந்து
செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடும்.

மணி மூன்று பத்து.
ராய்வோ எழுந்து உட்கார்ந்து
முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்கிறான்.
அவன் நெஞ்சுக்குள் யாரோ
ஈரத்தில் ஊறிய மரக்கதவை
மெல்ல, மிக மெல்லத் திறக்கிறார்கள்.
நீல இன்ஹேலர், இரண்டு அழுத்து.
பிறகு எண்ணுவான். நானும் எண்ணுவேன்.
பத்தொன்பது வருடத்தில்
சண்டை வராமல் நாங்கள் போட்ட ஒரே கணக்கு.

இரைப்பு வருது, அதனால தூக்கம் வரல:
இது எங்கள் வீட்டுச் சட்டம்.
அவன் நெஞ்சைத்தான் வைதிருக்கிறேன்.
கண்ணை ஒருநாளும் வைததில்லை.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனையில்
மரபணுக்காரி க்யுல்லி
ரசீதின் பின்பக்கம் இரண்டு வட்டம் போட்டாள்.
ஒன்று தூக்கம். ஒன்று மூச்சு.
நடுவே ஓர் அம்பு,
முனை எங்கள் சட்டத்துக்கு எதிர்ப்பக்கம்.

எப்படித் தெரியும் என்றேன்.
சீட்டு, என்றாள்.
கருவிலேயே குலுக்கிப் போட்ட சீட்டு.
தூக்கம் கெடும் சீட்டு கையில் விழுந்தவர்களை
ஆயிரம் ஆயிரமாய் எண்ணிப் பார்த்தால்
இரைப்பு அங்கே கொஞ்சம் கூடுதல்.
பிறகு வந்த இரைப்பு பின்னால் போய்
பிறக்குமுன் விழுந்த சீட்டை மாற்றியிருக்க முடியாதே?
"கொஞ்சம்தான். எல்லாருக்கும் இல்லை"
என்று அவசரமாய்ச் சேர்த்தாள்.
"சில சீட்டு ரெண்டு பக்கமும் ஆடும்."

பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போதுதான்
ராய்வோ வாய் திறந்தான்.
அப்பாவுக்கு ரொட்டி ஆலையில் ராத்திரி ஷிப்ட்.
பகலில் படுத்துக்
கூரையைப் பார்த்தபடியே கிடப்பார்.
அவர் இருமலை மாவுத்தூசி என்றார்கள்.

மாவுத்தூசியாகவும் இருக்கலாம்.

அன்றே ஜன்னலில் சாம்பல்நிறக் கம்பளியை
ஆறு ஆணி வைத்து அறைந்தான்.
ஒன்று கோணல்.
போனை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினான்.
நான் காப்பியை ஒளித்துவைத்தேன்.

அவளிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை.
அவன் அசையாமல் தூங்கும் இரவுகளில்தான்
எனக்கு பயம் வரும்.
மூச்சு வருகிறதா என்று
மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன்.
குளிர்ந்த விரல். விழித்துக்கொள்வான்.
"என்ன, ஹெல்யே?"
"ஒண்ணுமில்ல, தூங்கு."
எத்தனை வருடம், எத்தனை ஒண்ணுமில்ல.

இன்று மூன்று பத்து.
கதவு திறக்கும் சத்தம் இல்லை.
கோணல் ஆணியின் ஓரமாய்
ஒரு நூல் வெளிச்சம் அவன் தோளில்.
வெளியே வேலைவெட்டி இல்லாத பறவை ஒன்று
விடாமல் பாடுகிறது.

என் சுட்டுவிரல்
பாதி வழியில் நிற்கிறது.