கூரைக்கு

எலி தின்றது போக மிச்சத்தைப்
படியெடுக்க என்னை அனுப்பினார்கள்.
வெனெலாத்தி நகரச் சுங்கப் பேரேடு.
முப்பத்தொரு வருஷம்,
ஒரே கையெழுத்து.

எஸ்கில், பெர்த்திலின் மகன்.
ஊரைச் சுற்றி மரவேலி, வேலிக்கு ஒரு வாசல்,
வாசலில் குடில், தராசு, மைக்கூடு.
ஜனவரியில் மை உறைந்துபோகும்.
கக்கத்தில் இடுக்கி இளக்கியிருக்கிறார்.
அதையும் எழுதியிருக்கிறார்,
கூடு உடைந்து சட்டை கறைபட்ட அன்று,
புது மைக்குக் காசு கேட்கும்போது.

“வெண்ணெய், இரண்டு வாளி.
டர்னிப், ஒரு வண்டி.
உயிருள்ள வாத்து ஏழு. ஒன்று பறந்துவிட்டது,
ஆறுக்கே வரி.”

“மைத்துனன் வேலியேறிக் குதித்தான்,
கோட்டுக்குள் கன்றுத்தொடை.
அபராதம் எட்டுச் செப்புக்காசு.
அவனிடம் இல்லை. நான் கட்டினேன்.”
அடுத்த வரி: “வீட்டில் பேச்சில்லை.”
அதைக் கோடிட்டு அடித்திருக்கிறார்.
அடித்தும் படிக்க முடிகிறது.
படியெடுப்பதா விடுவதா என்று
அரைநாள் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு தொண்ணூற்றாறு.
ஆகஸ்டில் உறைபனி விழுந்து
கதிர் கறுத்ததை அவர் எழுதவில்லை.
வானம் அவர் இலாகா இல்லை.
‘ரை தானியம்’ என்ற பத்தியில்
ஒரு சுழி.
கீழே ஒரு சுழி.
பக்கம் முழுக்கச் சுழிகள்,
ஒன்றுகூடப் பிசகாமல்
வாய் கூடிய வட்டங்கள்.
அவர் சம்பளம் ஐந்து பீப்பாய் ரை.
அதற்கும் சுழி.

டிசம்பரில் முதல் சறுக்குவண்டி.
இழுத்து வந்தவள் வால்புரி, விதவை.
“பைன் உட்பட்டை, காய்ந்தது, ஆறு கட்டு.”
இடித்துச் சலித்து
இருக்கிற கைப்பிடி மாவோடு பிசைவார்கள்.
வயிற்றை ஏமாற்ற அது போதும்,
குழந்தை வயிற்றுக்குப் போதாது.

வரிப்பட்டியலில் பட்டை இல்லை.
வாசலைத் திறந்துவிட்டு
தலைநகருக்கு எழுதிக் கேட்டார்,
மிகப் பணிவாக:
‘இது மரமா, மாவா?’

கடல் கட்டியாகிக் கிடந்தது.
பதில் வர மே மாதம்.
‘வாய்க்குள் போவதெல்லாம் உணவு.
டிசம்பர் தொட்டு நிலுவையுடன் வசூலிக்க.’

இங்கேதான் மையின் நிறம் மாறுகிறது.

டிசம்பரிலிருந்து மே வரை
ஒவ்வொரு பட்டைக்கும் பக்கத்தில்
பின்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது ஒரு சொல்,
கொஞ்சம் நீலம் பாரித்து:
“கூரைக்கு.”
கூரைச் சாமானுக்கு வரி கிடையாது.

முப்பத்தொரு வருஷம்
தராசு முள்ளை ஒரு மயிரிழை சாய்க்காத கை
அந்த ஒரு சொல்லை
இருநூற்றுப் பதினான்கு முறை எழுதியிருக்கிறது.
எண்ணிப் பார்த்தேன்.

கூரைக்கு ஆவது பிர்ச் பட்டை.
பைன் பட்டை ஒரு மழைக்குத் தாங்காது.
இந்தக் கரையில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும்.
தலைநகருக்குத் தெரியாது என்று
நம்பியிருக்கிறார், பாவம்.

தணிக்கைக்கு வந்த யாரோ ஓரத்தில் கேட்டிருக்கிறார்:
‘நாற்பத்தொரு வீட்டுக்கு
ஆயிரத்துச் சொச்சம் கட்டா?’
கீழே எஸ்கிலின் கை:
‘இங்கே ஒழுக்கு அதிகம்.’

மார்ச் ஒன்பதில் ஒரு வரி:
“எஸ்கில், சொந்தத் தேவைக்கு, ஒரு கட்டு.
கூரைக்கு.”
மார்ச் இருபதுக்குப் பிறகு
வால்புரியின் பெயர் வரவில்லை.
அடுத்த வருஷ அடுப்பு வரியில்
வீடுகள் நாற்பத்தொன்று,
புகை வருபவை இருபத்துநான்கு.

எனக்கு இட்ட உத்தரவு இது:
உள்ளது உள்ளபடி எழுதுக.
இடைச்செருகல் கண்டால்
அதைத் தனியே குறித்துக் காட்டுக.

இறகைச் சீவினேன்.
“பைன் உட்பட்டை, காய்ந்தது,
ஆறு கட்டு, கூரைக்கு.”
அவருக்கு இரண்டு மை ஆயிற்று.
நான் ஒரே மையில் எழுதினேன்.