எட்டு புள்ளி இரண்டு

ஷார்ஜா, அல் நஹ்தா, பதினோராம் மாடி.
இங்கே ஒரு கடலுக்கு நான் வாடகை கட்டுகிறேன்.

வெளியே கிடக்கும் கடலிலிருந்து
உப்பைப் பிரித்துக் குழாயில் விடுகிறார்கள்.
அதை நான் இன்னொரு முறை வடிகட்டி,
நீல டிரம்மில் வாளி உப்பைக் கொட்டிக் கலக்கி
திரும்பவும் கடலாக்குகிறேன்.
"பைத்தியமா உங்களுக்கு?" என்கிறாள் ஜெசிந்தா.
வாளி முந்நூற்று இருபது திர்ஹாம்.
கேள்வி நியாயம்தான்.

இரவு ஒன்பதரைக்குச் சோதனை.
குப்பியில் ஐந்து மில்லி.
சொட்டு விட விட
நீலம் ஒரு சொட்டில் சட்டென்று மஞ்சளாகும்.
காரத்தன்மை எட்டு புள்ளி இரண்டு.
சர்க்கரைக்காரர் விரலைக் குத்திப் பார்ப்பதுபோல,
மூன்று வருடமாக,
பெருநாளிலும் கிறிஸ்துமஸிலும்.

போன வருடம் கிளைப்பவளம் எல்லாம் பழுத்தன.
ஊதா நுனி, பச்சை அடி,
எல்லாமே பீடித்துண்டு நிறம்.
அழுக்குதான் என்று முடிவுகட்டி
நுரைவடிப்பானை முடுக்கினேன்.
மீன் தீவனத்தைக் குறைத்தேன்.
நைட்ரேட் சைபர், பாஸ்பேட் சைபர்,
ஆடிட்டர் மெச்சும் சைபர்.
பழுப்பு போயிற்று.
கூடவே மிச்ச நிறமும் போயிற்று.
பவுடர் அப்பிய முகங்களாய் நின்றன.

அஜ்மானில் பவளத்துண்டு விற்கும் ரொமேல்
போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொன்னான்:
"பட்டினி போட்டிருக்கிறாய், பாய்."

அவற்றின் நிறம் அலங்காரம் இல்லையாம்.
வெளிச்சத்துக்குப் பிடித்த குடையாம்.
குடை தைக்கவும் சோறு வேண்டும்.
மறுநாளே இரண்டு வேளைத் தீவனம்.
மீன்கள் தின்றன, கழித்தன.
அதில்தான் இருந்திருக்கிறது
நான் காசு கொடுத்துத் தேடிய ஊதா.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை
சில்லர் செத்தது.
மெக்கானிக் ஞாயிறு வருவேன் என்றான்.
தண்ணீர் இருபத்தொன்பதைத் தாண்டியது.
காலி லபன் பாட்டில்களில் ஐஸ் உறைய வைத்து
ஒவ்வொன்றாய் மிதக்க விட்டேன்.
எப்போது தூங்கிப்போனேன் தெரியாது.
மூன்று மணிக்கு விழித்தால்
நைட்டியின் கையை முழங்கைவரை சுருட்டி
பாட்டில் மாற்றிக்கொண்டிருக்கிறாள் ஜெசிந்தா.
நான் எதுவும் கேட்கவில்லை.

அதே இரவு மம்சார் கரையில்
கடல் முப்பத்தைந்து டிகிரி.
அதற்கு எத்தனை பாட்டில் வேண்டும்
என்று கணக்குப் போடத் தொடங்கி
விட்டுவிட்டேன்.

தட்டுப்பவளம் ஒன்று பாதி வெந்தது,
ஓரம் சுண்ணாம்பாய்.
தூக்கி எறியக் கை வரவில்லை.

செப்டம்பரில், வெந்த ஓரத்தில்
நொய்யரிசி அளவு ஊதா.
அவள்தான் பார்த்தாள், காப்பி டம்ளரோடு,
கண்ணாடியில் மூக்கு ஒட்ட.
திரும்பாமலே கேட்டாள்:
"நேத்து எட்டு புள்ளி எவ்வளவு?"