பிரிவு நான்கு

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் பின்பக்கம்
சைக்கிள் நிறுத்தத்தைத் தாண்டினால் எங்கள் நூலகம்.
வாசலில் என் கையாலேயே எழுதி ஒட்டிய அட்டை:
‘இங்கு சட்டப் புத்தகங்கள் படிக்கலாம்.
சட்ட ஆலோசனை வழங்கப்படமாட்டாது.’
இரண்டாவது வரியைத்தான்
எல்லாரும் முதலில் படிக்கிறார்கள்.

மே மாதம். கோர்ட்டுக்கு லீவு.
கறுப்புக் கோட்டு ஒன்றுகூட இல்லை.
டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டு
பெஞ்சிலேயே தூங்குகிறார்.
அஞ்சலாட்சி அன்றைக்கு வந்தார்.
முதுநகரில் கருவாடு வியாபாரம்.
செருப்பை வெளியே விட்டார்.
போட்டுக்கொண்டே வாருங்கள் என்றேன்,
போட்டுக்கொள்ளாமலே வந்தார்.

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு புரோநோட்டு.
அறுபதாயிரம்.
ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்காக
வால் நீண்ட ஒரு கையெழுத்து.

“ஐஸ் கம்பெனி மாசிலாமணி சார்.
பொங்கலுக்குத் தரேன், போட்டை வித்துத் தரேன்னு
மூணு வருசம் ஓட்டிட்டான்.
போன வாரம் சொல்றான்,
யக்கா, உன் நோட்டு செத்துப்போச்சுன்னு.
பேப்பரு சாகுமா சார்?”

சாகும்.
மூன்று வருடத்தில் சாகும்.
அதை நான் வாய் திறந்து சொல்லவில்லை.
நோட்டில் மே பதினாலு.
சுவர்க் காலண்டரில் மே இருபத்தேழு.
விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.

பதினோரு வருடமாகத் தூசி தட்டும் புத்தகங்கள்.
எது எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று
என் கைக்குத் தெரியும்.
ஆனால் ‘இதைச் செய்யுங்கள்’ என்பது வக்கீல் வேலை,
‘இது இங்கே இருக்கிறது’ என்பது என் வேலை.
நடுவில் ஒரு மேசை அகலம்.
சில நாள் அந்த மேசையைத் தூக்கிக்
கெடிலத்தில் போட்டுவிடலாம் போலிருக்கும்.

கீழ்த்தட்டிலிருந்து காலவரையறைச் சட்டத்தை எடுத்தேன்.
வெள்ளம் வந்த வருடம் நனைந்தது.
மூன்றாம் பிரிவுப் பக்கமும் நான்காம் பிரிவுப் பக்கமும்
ஒட்டிக்கொண்டு ஒரே தாளாகக் கிடந்தன.
கெடு தாண்டினால் தள்ளுபடி, என்கிறது மூன்று.
அதோடு மூடி வைத்துவிடுகிறார்கள்.

நான் ஸ்டீல் ஸ்கேலை நுழைத்ததைப் பார்த்துவிட்டு
“கொண்டாங்க இப்படி” என்று வாங்கிக்கொண்டார்.
நெத்திலி தொடங்கி வஞ்சிரம் வரை பிளந்த கை.
ஓர் எழுத்துகூடக் கிழியாமல்
தாள் இரண்டானது.

எட்டாவது வரை படித்தவராம்.
எழுத்துக் கூட்டிப் போனார்:
கெடு முடிகிற நாளில்
நீதிமன்றம் மூடியிருந்தால்
அது மறுபடி திறக்கும் நாளில்
தாக்கல் செய்யலாம்.

‘மூடியிருந்தால்’ என்ற இடத்தில் நின்றார்.
ஜன்னல் வழியே கோர்ட்டுக் கதவைப் பார்த்தார்.
மூன்று முறை வந்து
திட்டிவிட்டுப் போயிருந்தார் அந்தப் பூட்டை.

“எப்ப தொறக்குதாம்?”
பலகையில் ஒட்டியிருக்கிறது என்றேன்.
“அப்ப நான் கேசு போடலாமா சார்?”

அது ஆலோசனை.
இன்னொரு தடவை படிக்கச் சொல்லலாம்.
சொன்னேன்.
இந்தத் தடவை சத்தமாகப் படித்தார்.
அமைதி காக்கவும் என்றும் ஓர் அட்டை உண்டு.
நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர்.
கரண்ட் பில்லின் பின்பக்கம்
முழுப் பிரிவையும் எழுதிக்கொண்டார்,
காற்புள்ளி விடாமல்.
இலவச சட்ட உதவி அறை எதிர்க் கட்டடத்தில், மாடியில்,
லீவிலும் ஆள் இருப்பார்கள் என்றேன்.
அது தகவல்தான்.
தாராளமாகச் சொல்லலாம்.

போகும்போது பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.
வந்த நோக்கம் என்ற கட்டத்தில்
சட்டக் கல்லூரிப் பையன்கள் ‘குறிப்பு எடுக்க’ என்று எழுதுவார்கள்.
இவர் எழுதியிருந்தது:
‘நாள் இருக்குதான்னு பாக்க’.

ஜூன் இரண்டு, திங்கள்.
ஏழு மணிக்கே பாய்லர் கொதித்தது.
கோர்ட்டு வாசலில் கூட்டம்.
அதில் அவர் இருந்தாரா, தெரியாது.
எட்டிப் பார்க்கலாம் என்று எழுந்தேன்.
வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.
கையில் வீட்டு அட்வான்ஸ் ரசீது,
கண் அட்டையின் இரண்டாவது வரியில்.

மேலேயிருந்து படிங்க, என்றேன்.