மூன்று ஏ

நாங்கள் தங்கிய அடுக்ககத்தின் மின்தூக்கியில்
நான்கு என்று ஒரு பொத்தான் இல்லை.
மூன்று, மூன்று ஏ, ஐந்து.
பெட்டியும் கையுமாக நின்று
ஜெபசெல்வி இரண்டு முறை எண்ணினாள்.
சீனத்தில் நாலும் சாவும் கிட்டத்தட்ட ஒரே ஓசையாம்,
காவலாளி சொன்னார்.
மாடி இருக்கிறது. பெயர்தான் இல்லை.
சிரித்துக்கொண்டே மேலே போனோம்.

கல்லூரி முடித்துப் பதினாறு வருடம்.
முன்னாள் மாணவர் கூட்டத்தில் கை தூக்கியவர்கள்
நாற்பது பேர்; விமானம் ஏறியவர்கள் மூவர்.
மூன்று வார விடுப்பு, சொந்தக் காசில் பயணச்சீட்டு,
முதுகில் கல்லூரி முத்திரை போட்ட பனியன்.
பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளி, விடுமுறைக் காலை வகுப்பு.
ஒரு வங்கி கழித்துக்கட்டிய பதினொரு மடிக்கணினிகள்.
ஏழாவதில் இடைவெளிப் பொத்தான் செத்துவிட்டது.
அதில் உட்காரும் பிள்ளை எழுதுவதெல்லாம்
மூச்சுவிடாமல் ஓடும்.

எண்ணிக்கை சுழியத்தில் தொடங்கும் என்று விளக்க
அன்வர்தீன் விமானத்திலேயே எட்டுப் படம் வரைந்திருந்தான்,
முட்டை அட்டை, ரயில்பெட்டி, இன்னும் என்னென்னவோ.
முதல் படத்திலேயே ஹேமரூபினி, நாலாம் ஆண்டு, சொன்னாள்:
"ஜி மாதிரிதானே சார்? தரையில ஜி. ஏறினாத்தான் ஒண்ணு."
மற்ற ஏழும் பைக்குள் போயின.

அடுத்த பயிற்சி அதனால் மின்தூக்கி ஆயிற்று.
ஒன்று கூட்டு, மாடியை அச்சிடு, திரும்பச் செய்,
பதினேழு வந்ததும் நில்.
பத்துத் திரையில் சரியாக வந்தது.
ஒன்றில் மட்டும் மூன்றுக்கு அப்புறம் 3A.
"பிழை" என்றேன்.
அது என் தொழில். பார்க்கும் முன்பே வாய் சொல்லிவிடும்.
அவள் திரையைப் பார்க்கவில்லை.
"டீச்சர், நீங்க எந்த ஃபிளாட்ல இருக்கீங்க?"

நாலு வந்தால் மூன்று ஏ என்று போடு.
அந்த 'வந்தால்' நாங்கள்
வியாழக்கிழமைக்கு வைத்திருந்த பாடம்.
ஓரத்தில் சும்மாக் கிடந்தது என்று எடுத்து
மாட்டியிருக்கிறாள்.

அவள் அம்மா சரோஜதேவி
பாலத்துக்கு அந்தப் பக்கம், பாயான் லெப்பாஸில்
சில்லு சோதிக்கும் பிரிவு, இரவு வேலை.
தொழிற்சாலைப் பேருந்தில் வந்து இறங்கி
மகளைக் கொண்டுவந்து விட்டுத்தான் தூங்கப் போவார்.
ஒருநாள் ஏழாவது கணினியைத் தூக்கி
அடிப்பக்கம் பார்த்தார்.
"இதுக்குள்ள இருக்கறதப் பத்தி எப்ப சொல்லித் தருவீங்க?"
பாடத்திட்டத்தில் இல்லை என்றேன்.
"பன்னெண்டு வருசமா ஒண்ணொண்ணாப் பாக்குறேன்.
நல்லது, கெட்டது தெரியும்.
அது என்ன செய்யுதுன்னுதான் யாரும் சொன்னதில்ல."

எனக்கும் அரைகுறைதான்.
சொல்லக் கூச்சமாக இருந்தது,
பசியாறிட்டீங்களா என்று கேட்டுவைத்தேன்.

இரவு மூன்று மாடிக்கும் கேட்கிற சத்தத்தில் சண்டை போட்டோம்.
மறந்ததை எல்லாம் தோண்டி எடுத்து,
இரண்டு விசை, ஒரு பல்பு, ஒரு பேட்டரி,
கதவு திறப்பது போல ஒரு படம்.
பாதி அன்வர்தீனுக்குத் தெரிந்திருந்தது.
மீதியை மூவரும் அப்போதுதான் படித்தோம்.

காலையில் அரைமணி முன்னதாகவே வகுப்பு.
சரோஜதேவி கடைசி மேசையில், சீருடையோடு.
முதல் விசையைத் தட்டினேன்.
இரண்டாவது விசைக்கு வருவதற்குள்
தலை மேசையில் சாய்ந்துவிட்டது.

தொடக் கை நீட்டினேன்.
"எழுப்பாதீங்க டீச்சர். நான் எழுதி வச்சுச் சொல்றேன்."
காலியாக இருந்தது ஏழாவதுதான்.
அதில் உட்கார்ந்தாள்.

அம்மாரெண்டுவிசையும்போட்டாத்தான்வெளக்குஎரியும்
ஒண்ணுபோட்டாஎரியாது
நீங்கபாக்குறஒருசில்லுலஇதுமாதிரிகோடிக்கணக்குலஇருக்காம்
டீச்சருக்கும்நேத்துராத்திரிதான்தெரியுமாம்