ஆணிக் கணக்கு

தலைப்பு நான் வைத்ததுதான்:
‘என் வீடும் தண்ணீரும்.’
ஏழு நாள் மீட்டரைப் பாருங்கள், குறியுங்கள்,
பட்டை வரைபடம் போட்டு
சார்ட்டில் ஒட்டிக்கொண்டு வாருங்கள்.
மனப்பாடம் கிடையாது, பரீட்சை கிடையாது,
வாழ்க்கையிலிருந்தே கற்பது என்று
பயிற்சி முகாமில் எங்களுக்குச் சொல்லி
ஆளுக்கொரு கோப்பும்
ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் கொடுத்திருந்தார்கள்.

லிமாவில் ஆகஸ்டு மாதம்.
கடலிலிருந்து ஏறிவந்த பனி
மழையாகத் துணிவில்லாமல்
ஜன்னலில் கசிந்துகொண்டிருந்தது.
சமையல் மேசையில் முப்பத்தெட்டு சார்ட்டுகள்.

புருனெல்லாவின் சார்ட்டில்
அவள் அப்பாவின் அலுவலக அச்சு இயந்திரம்
நன்றாகப் படித்திருந்தது.
கீழ்த்தெருப் பையன்கள் மூவர் வீட்டிலும்
ஏழு நாளும் ஒரே அளவு தண்ணீர்,
‘லிட்டர்’ என்ற சொல்லில் ஒரே எழுத்துப்பிழை.
தூக்கம் கண்ணைச் சுற்றியது.
எல்லாருக்கும் நட்சத்திர முத்திரை குத்தினேன்.

அடுத்தது நெலிதா அய்கீபா,
மேட்டுக் குடியிருப்பு.
பாலிதீன் பையின் உட்புறத்தில் வரைந்திருந்தாள்.
செவ்வாய் 3. புதன் 3. வியாழன் 3.
வெள்ளி 1.
சனி 0.
ஞாயிறு 3. திங்கள் 3.
அலகு: ஆணி.

சிவப்புப் பேனாவால் கேட்டேன்:
‘ஆணி என்றால் என்ன?
ஒரு வீட்டில் பூஜ்யம் எப்படி வரும்?
கற்பனை செய்யாதே.’
இருபதுக்கு ஏழு.

மறுநாள் அவள் சண்டைக்கு வரவில்லை.
அழவும் இல்லை.
அதற்கு மறுநாள்
தன் உயரத்துக்கு ஒரு குச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்,
மண் படியேறி இறங்கிய செருப்போடு.
குச்சியில் பத்து ஆணிகள்,
கீழிருந்து மேலாக, சம இடைவெளியில்.
“பீப்பாய்க்குள் விடணும் மிஸ்.
நனைஞ்ச ஆணியை எண்ணணும்.
ஒரு ஆணிக்கு இருபது லிட்டர்.
அம்மாவும் நானும் வாளியால ஊத்தி ஊத்திப் பார்த்தோம்.”
“சனிக்கிழமை?”
“வெள்ளிக்கிழமை லாரி வரலையே.”

சொல்லிவிட்டு
வகுப்பறையில் வேறெதையோ பார்த்தாள்.
என் காதுமடல் சுட்டது.

மதிப்பெண் அட்டவணையை எடுத்து மேலிருந்து கீழ் படித்தேன்.
வண்ணத்துக்கு நான்கு.
சுத்தத்துக்கு நான்கு.
தலைப்பின் அழகுக்கு மூன்று.
சொந்தமாக ஓர் அளவுகோல் செய்தால்
எத்தனை என்று எங்கும் இல்லை.
அந்த அட்டவணையும் நான் போட்டதுதான்.

இரவு, வீட்டில், முதன்முதலாக
நான் கொடுத்த வீட்டுப்பாடத்தைச் செய்தேன்.
குளிப்பதற்கு முன் ஒருமுறை,
தலை துவட்டாமல் ஒருமுறை
மாடிப்படிக்கு அடியில் குனிந்து மீட்டரைப் பார்த்தேன்.
நூறு லிட்டர்.
ஐந்து ஆணி.
நெலிதா வீட்டின் நான்கு பேருக்கு
செவ்வாய் முழுவதும்,
புதன்கிழமை இரவுச் சாப்பாடு வரைக்கும்.

ஈரத்தலையோடு உட்கார்ந்து
ஏழை அடித்தேன். இருபது போட்டேன்.
அதுவும் பொய்யாகத் தெரிந்தது,
பரிசுச்சீட்டில் விழுந்த எண்ணைப் போல.
‘கற்பனை செய்யாதே’ என்ற வரிக்குக் கீழே
‘மன்னித்துக்கொள்’ என்று எழுதினேன்,
அதற்குச் சிவப்புப் பேனா வேண்டாமென்று
பென்சிலைத் தேடி எடுத்து.

காலையில் தலைமையாசிரியர் ஒஸ்வால்தோவிடம் குச்சியைக் காட்டினேன்.
அவருக்குப் பிடித்துப்போயிற்று.
கண்காட்சியில் நடுச்சுவரில் மாட்டலாம்,
கீழே ஒரு சிறு பலகை,
மாவட்ட அதிகாரி வருகிறார்,
புகைப்படக்காரருக்குச் சொல்லிவிடுவோம் என்றார்.
நானும் தலையாட்டினேன்.
சுவரில் இடத்தைக்கூட அளந்துவிட்டேன்,
அந்தக் குச்சியாலேயே:
நான்கு ஆணி அகலம்.

கடைசி மணி அடித்ததும்
ஆசிரியர் அறை வாசலில் நெலிதா,
பை தோளில், மூச்சிரைக்க.
மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்,
நன்றி சொல்லப்போகிறாள் என்று
முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

“மிஸ், குச்சி வேணும்.
இன்னிக்கு லாரி வருது.”