தென்காற்றாடி

எங்கள் பக்கம் துருவ நட்சத்திரம்
எட்டு டிகிரி உயரம்தான்.
ஒரு பனை போதும் அதை மறைக்க.
பழவூருக்குத் தெற்கே, கண்ட்ரோல் ரூம் மொட்டை மாடியில்
அதை மறைப்பது நாற்பத்தேழாம் நம்பர் காற்றாடி.

சித்திரையில் காற்று செத்துக் கிடக்கும்.
ஓடாத காற்றாடிகளுக்கு நான் காவல்.
எனக்குக் காவல் சுயம்புலிங்கம் அண்ணாச்சி.
நாற்பத்தேழின் அடிக்கதவைத் திறந்து
பெட்டிக்குள் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
எழுபது மீட்டர் உயரத்தில் முனகிக்கொண்டே
தலை பத்து டிகிரி திரும்பியது.
இறக்கை விலகிய இடத்தில் துருவம் நின்றது,
தூக்கத்தில் எழுப்பிவிட்டவனின் முகத்தோடு.
லாக் புத்தகத்தில் நான் எழுதவில்லை.

அச்சை அதில் கட்டியாயிற்று.
இனித் தெற்கே திரும்பலாம்.
கூடங்குளத்து வெளிச்சம்
பொங்கியும் வழியாத பால்போல் அடிவானில் நிற்க,
அதைத் தாண்டி மேலே ஏறி வரவேண்டும்.
பட்டியலில் எம் எண்பத்து மூன்று.
செல்லப் பெயர் தென்காற்றாடி.
முதல்முறை கேட்டபோது சிரித்துவிட்டேன்:
பகலெல்லாம் கிரீஸ் வைக்கிற சாமானையா
ராத்திரியும் தேடுவேன்?

கண்ணை வைத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை.
டீக்கடைக் கண்ணாடியில் யாரோ மூச்சு விட்ட மங்கல்.
படம் ஒன்றுக்கு இரண்டு நிமிஷம்.
அப்படித் தொண்ணூறு படம்.
ஒன்றின் மேல் ஒன்றாய் அடுக்க அடுக்க
மூன்றாவது மணி நேரத்தில் அதற்குக் கைகள் முளைக்கும்.

அந்த ஒளி கிளம்பி ஒன்றரைக் கோடி வருஷம் என்கிறார்கள்.
இருக்கட்டும்.
எனக்கு ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிகிறது.
சொசைட்டிக் கடனில் இன்னும் பதினோரு தவணை.
தொலைநோக்கியின் விலை ஜெபக்கனிக்குப் பாதிதான் தெரியும்.

அடுக்குகிற மென்பொருளுக்கு ஒரே சட்டம்:
எல்லாப் படத்திலும் இருப்பதை வைத்துக்கொள்,
ஒரு தடவை வந்துபோனதை எறி.
கொழும்புக்குப் போன விமானத்தை எறிந்தது.
செயற்கைக்கோள் மூன்றை.
குழல்வாயை மறித்த விட்டிலை.
முப்பத்தோராம் படத்தில்
ஃபிளாஸ்க்கோடு ஏணி ஏறி வந்த
அண்ணாச்சியின் டார்ச்சை.

விடியுமுன் லேப்டாப்பில் காட்டினேன்.
நடுவில் பழைய மஞ்சள்,
சுருண்டு விரிந்த கைகள் நெடுக இளஞ்சிவப்புப் புள்ளிகள்.
நட்சத்திரம் பிறக்கிற இடம் அண்ணாச்சி, என்றேன்.
அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு
வெகுநேரம் மூலைகளையே பார்த்தார்.

"இதுல நான் எங்கவே?
வெளிச்சம் விழுந்துட்டுன்னு அந்தச் சத்தம் போட்டீரே."

"நீங்க ஒரு தடவதான வந்திய அண்ணாச்சி.
அது நம்பாது."

"எத்தன தடவ வந்தா நம்பும்?"

சோதித்துப் பார்த்ததில்லை.
பாதிக்கு மேல் வந்தால், என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் ராத்திரி
படம் ஓடத் தொடங்கியதும்
கம்பிவேலி ஓரம் டார்ச் எரிந்து அணைந்தது.
இரண்டு நிமிஷம் கழித்து அதே கல்லின் மேல் மறுபடி.
கத்த வாயெடுத்தேன்.
பிறகு எண்ணத் தொடங்கினேன்.
நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்றினார்.
ஒருமுறை நாய் விரட்டினார், அதற்குள் நேரம் தவறி
அந்தப் படம் சுத்தமாக விழுந்தது.
நாற்பத்தாறாவதோடு நிறுத்திக்கொண்டு
பீடி பற்ற வைத்தார், எனக்கு முதுகைக் காட்டி.

வைகாசியில் கணவாய் திறந்துவிட்டது.
நாற்பத்தேழு ஓடுகிறது, மாடி அதிர்கிறது,
தொலைநோக்கி சாக்குக்குள் கிடக்கிறது.
லாக் புத்தகத்து அட்டைக்குள் அந்தப் படம் இருக்கிறது:
தென்காற்றாடி, அதன் வலது கீழ் மூலையில்
ஒரு மஞ்சள் புகைச்சல்.

கேட்கிறவர்களிடம்
கூடங்குளம் என்கிறேன்.