கடல் பக்கம், பள்ளி பக்கம்

ஐந்தாம் சக்கரம் என்கிறார்கள்.
சக்கரமே இல்லை அது, உருளாது.
பிக்கப்பின் முதுகில் பூட்டிய இரும்புத் தட்டு,
கிரீஸ் குழைத்த கறுப்புத் தட்டு.
அதன்மேல் கழுத்தை வைத்துக் கிடக்கிறது
இருபத்தாறு அடி வெள்ளை வீடு.
பாசிக்குடாவில் மூடிய ஹோட்டலொன்றில்
கட்டில், குசினி, கதவில் ஒட்டிய டொல்பினோடு
அரை விலைக்கு வாங்கினோம்.

முன்னால் இழுத்துவர ஒரு கரைச்சலும் இல்லை.
கல்முனை தாண்டி, திருக்கோவில் தாண்டி,
கோமாரியில் மாடுகள் எழும்பும்வரை நின்று
பின்னால் வருவதையே மறந்துதான் வந்தேன்.
அறுகம்பையில், எங்கள் வளவில்,
இரண்டு தென்னைக்கு நடுவே
பின்னுக்கு விட வேண்டும் என்றபோது
பதினெட்டு வருஷம் ஓட்டிய கை
யாருடையதோ ஆகிவிட்டது.

அது வலம் போக வேண்டுமா, நீ இடம் ஒடி.
ஒடித்தால் உடனே கேட்காது,
சோம்பலாய் யோசிக்கும்.
கேட்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் ஒடித்தால்
எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும்.
பெட்டி ஒரு பக்கம், பிக்கப் ஒரு பக்கம்,
காணி வழக்கில் இரண்டு மச்சான்மார்
கோட்டு வாசலில் நிற்கிற மாதிரி.

பின்னால் நின்று கை காட்டினாள் ஜெஸீமா.
"வரட்டும், வரட்டும், வலத்தால, வலத்தால!"
"உன்ட வலமா, என்ட வலமா?"
"வலம் எண்டா வலம்தானே!"
கண்ணாடியில் அவள் இல்லை.
முக்காட்டு நுனி தெரிந்தது,
பிறகு அதுவும் இல்லை.
தென்னையில் ஒரு சாண் பட்டை உரிந்தது.
அலைப்பலகை சுமந்துபோன வெள்ளைக்காரன் நின்று பார்த்தான்.
த்ரீவீல் நிஸ்பர் நின்று பார்த்தான்,
பார்த்ததோடு விடாமல்
"மச்சான், முன்னுக்கே உட்டிரு" என்றான்.

இரவு சோறு மேசையில் இருந்தது.
மீன் ஆணத்தில் உப்பில்லை.
நான் சொல்லவில்லை.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு
பொத்துவிலில் பள்ளிக்கூட மைதானம்.
தென்னைகளுக்குப் பதில் எட்டு மட்டைகள் நட்டோம்.
அரை மணிக்குள் ஆறைச் சாய்த்தேன்.
ஏழாவதில் அவள் வந்து கதவைத் திறந்தாள்.
"இறங்குங்க."
அவளுக்கு லைசன்ஸ் ஸ்கூட்டிக்கு மட்டும்.
மைதானத்தில் இரண்டு ஆடுகள்தான் நின்றன,
அவை கேட்கவில்லை.

அவள் ஓட்டினாள், நான் பின்னால் நின்றேன்.
அப்போதுதான் விளங்கியது.
ஒரு வீடு உன்மேல் வருகிறது.
அதை ஓட்டுகிற ஆளுக்கு நீ தெரியவில்லை.
"வலத்தால!" என்று கத்தினேன்.
எவருடைய வலம் என்று
எனக்கே தெரியவில்லை.
ஓடிப்போய்க் கண்ணாடிக்குள் நின்றேன்.

அன்றைக்கு இரண்டு சட்டம் போட்டோம்.
கண்ணாடியில் ஆள் இல்லையா, பிரேக்.
வலம் இடம் என்ற சொல் இனி வேண்டாம்,
கடல் பக்கம், பள்ளி பக்கம்.
மூன்றாவதை அவளே கண்டுபிடித்தாள்:
"ஸ்டியரிங்கை மேல புடிக்காதீங்க, அடியில புடிங்க.
கை போற பக்கம் வீடு போகும்."
போனது.

வியாழன் பின்னேரம், கச்சான் காற்று
மணலை அள்ளி முகத்தில் எறிய எறிய
"கடல் பக்கம் கொஞ்சம். கொஞ்சம். நில்லுங்க.
பள்ளி பக்கம் ஒரு விரல்."
பதினொரு தடவை முன்னும் பின்னும்.
கண்ணாடிக்குள் முழு ஆளாய் நின்றாள்,
அவளுக்குப் பின்னால் தென்னை.
கையை உயர்த்தி "போதும்" என்றாள்.
இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளி.
எஞ்சினை அணைத்த பிறகும்
என் கை அடியிலேயே இருந்தது.

நாளை ஜும்ஆ முடிய ஆட்கள் வருகிறார்கள்,
விடிந்ததும் கதவைத் திறந்தால்
கடல் தெரியும் என்று காசு வாங்கியிருக்கிறோம்.
டொல்பினைத் துடைத்துவிட்டுக்
கதவைத் திறந்தாள்.
எதிரே
ஹாஜரா ராத்தா வீட்டுக் கக்கூஸ் சுவர்.

ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
அவள் சிரிக்கவில்லை,
சாவியைக் கேட்டாள்.